ஆன்டிவைரஸைத் தற்காலிகமாக நிறுத்துவது: அணைப்பதற்கு முன்னும் பின்னும்

(திரையில்: ஒரு வீட்டு மேசை, புதிய மடிக்கணினி, அதில் செருகப்பட்ட பழைய பென் டிரைவ்.)

வணக்கம். ஒரு மென்பொருளை நிறுவ முயலும்போது, "முதலில் ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள்" என்ற அறிவுரையை நீங்கள் எங்கேனும் கேட்டிருப்பீர்கள். கணினிக் கடைக்காரர் சொல்லியிருக்கலாம், அல்லது மென்பொருளோடு வந்த குறிப்பிலேயே அது அச்சிடப்பட்டிருக்கலாம். சில நேரங்களில் அது நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவது. வேறு சில நேரங்களில், திருட வந்தவன் வீட்டுக்காரரையே கதவைத் திறக்கச் சொல்வதற்கு ஒப்பானது. இரண்டும் ஒரே சொற்களில் வருவதால்தான் குழப்பம். விண்டோஸ் 11 இயங்கும் ஒரு வீட்டுக் கணினியை எடுத்துக்கொண்டு, அணைப்பது எப்போது தேவை, தேவையானால் எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை இந்தக் காணொளியில் பார்ப்போம்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் பல ஆண்டுகளாகப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து பழகியவர். அவருடைய கட்டுரைகள் எல்லாம் யூனிகோடுக்கு முந்தைய அந்தக் குறியாக்கத்தில்தான் இருக்கின்றன. இப்போது புதிய மடிக்கணினி வாங்கி, பழைய பென் டிரைவில் இருக்கும் தட்டச்சு மென்பொருளை நிறுவப் பார்க்கிறார். இரண்டு நொடிகளில் திரையின் வலது மூலையில் ஓர் அறிவிப்பு எழுகிறது. நிறுவல் கோப்பு இருந்த இடமே தெரியாமல் மறைந்துவிடுகிறது. அவருக்கு முதலில் தோன்றுவது கணினி பழுதாகிவிட்டதோ என்பதுதான்.

கணினி பழுதாகவில்லை. நடந்தது என்னவென்று புரிந்தால் அடுத்த முடிவுகள் எளிதாகும்.

(திரையில்: கோப்பு ஒன்று சொடுக்கப்படுவதும், அதற்கும் திரைக்கும் நடுவே ஒரு சோதனைச் சாவடி தோன்றுவதும் வரைபடமாகக் காட்டப்படுகிறது.)

விண்டோஸ் 10, 11 ஆகிய இரண்டிலும் மைக்ரோசாஃப்ட் டிஃபென்டர் என்ற ஆன்டிவைரஸ் உள்ளடக்கமாகவே வருகிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் "ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்" என்ற பெயரில் ஓடிக்கொண்டிருப்பது அதுதான். நீங்கள் ஒரு கோப்பைச் சொடுக்கும்போது, அது திறப்பதற்கு முன்பே டிஃபென்டர் அதை ஒருமுறை பார்த்துவிடுகிறது. ஏற்கெனவே அறியப்பட்ட தீம்பொருள்களின், அதாவது தீங்கு செய்யும் நிரல்களின், அடையாளங்களோடு ஒப்பிடுகிறது. ஒத்துப்போகவில்லை என்றால் அதன் அமைப்பையும் நடத்தையையும் வைத்து ஊகிக்கிறது. ஐயம் நீங்காவிட்டால் இணையம் வழியாக மைக்ரோசாஃப்டின் வழங்கிகளிடம் (சர்வர்களிடம்) கேட்கிறது. இந்த இடைவிடாத காவலுக்குத்தான் ரியல்-டைம் புரொடெக்ஷன் என்று பெயர். நாம் பேச்சுவழக்கில் "ஆன்டிவைரஸை அணைப்பது" என்று சொல்வது, டிஃபென்டரைப் பொறுத்தவரை, இந்த ஒன்றை மட்டும் சிறிது நேரத்துக்கு நிறுத்துவதே ஆகும்.

இனி, பழைய தட்டச்சு மென்பொருள் ஏன் மாட்டிக்கொள்கிறது என்று பாருங்கள். நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு விசையையும் இடைமறித்து, அதற்குரிய தமிழ் எழுத்தாக மாற்றித் தருவதே அதன் தொழில். வங்கிக் கடவுச்சொல்லைத் திருடும் கீலாகர் என்ற தீம்பொருளும் நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு விசையையும் இடைமறிக்கிறது. வெளியிலிருந்து பார்க்கும் காவலருக்கு இரண்டின் நடமாட்டமும் ஒன்றுபோலவே தெரியும். போதாததற்கு, அந்தப் பழைய நிறுவல் கோப்பில் தயாரிப்பாளரின் டிஜிட்டல் கையொப்பம் இருக்காது. உலகம் முழுவதும் அதைப் பயன்படுத்துபவர்களும் மிகச் சிலரே. முன்பின் தெரியாத, அடையாள அட்டை இல்லாத, விசைகளைக் கவனிக்கும் ஒரு நிரலை டிஃபென்டர் தடுப்பதில் வியப்பில்லை. குற்றமற்ற கோப்பின்மீது இவ்வாறு விழும் பழியைத் தவறான எச்சரிக்கை என்கிறோம்.

இத்தகைய தவறு சிறிய மென்பொருள்களுக்கு மட்டும் நேர்வதன்று. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி நிறுவனம் வெளியிட்ட ஒரு புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்த உறுப்பான எஸ்விசிஹோஸ்ட் என்ற கோப்பையே வைரஸ் என்று கருதிப் பிடித்ததால், பல நாடுகளில் கணினிகள் திரும்பத் திரும்ப மறுதொடக்கம் ஆகிக்கொண்டே இருந்தன. 2022 செப்டம்பர் தொடக்கத்தில் டிஃபென்டரே குரோம் உள்ளிட்ட நன்கு அறியப்பட்ட செயலிகளைத் தீம்பொருள் என்று அறிவித்து, பிறகு ஒரு புதுப்பிப்பின் மூலம் அதைத் திருத்திக்கொண்டது. ஆகவே, ஆன்டிவைரஸ் எதையேனும் தடுத்தால் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, அதன் அடையாளப் பட்டியலைப் புதுப்பிப்பது. விண்டோஸ் செக்யூரிட்டியில் "புரொடெக்ஷன் அப்டேட்ஸ்" என்ற பகுதியைத் திறந்து புதுப்பித்துவிட்டு மறுபடி முயன்று பாருங்கள். தவறு ஏற்கெனவே திருத்தப்பட்டிருந்தால், எதையும் அணைக்காமலேயே சிக்கல் தீர்ந்துவிடும்.

(திரையில்: நீல நிறப் பெட்டி ஒன்றும், டிஃபென்டரின் அறிவிப்பு ஒன்றும் அடுத்தடுத்துக் காட்டப்படுகின்றன.)

அடுத்த கேள்வி, தடுத்தது உண்மையிலேயே ஆன்டிவைரஸ்தானா என்பது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், ஆன்டிவைரஸுக்குத் தொடர்பே இல்லாத ஒரு தடைக்காக அதை அணைத்துவிட்டு, தடையும் நீங்காமல் பாதுகாப்பும் இல்லாமல் தவிப்பவர்கள் பலர் என்பதுதான். "விண்டோஸ் புரொடெக்டட் யுவர் பிசி" என்று திரையின் நடுவே தோன்றும் நீலப் பெட்டி, ஸ்மார்ட்ஸ்கிரீன் என்ற வேறொரு காவலின் குரல். அது கோப்பின் உள்ளடக்கத்தைவிட, அது எங்கிருந்து வந்தது, எவ்வளவு பேரால் அறியப்பட்டது என்பதையே பெரிதும் பார்க்கிறது. ரியல்-டைம் புரொடெக்ஷனை அணைத்தாலும் அந்தப் பெட்டி வரும். கோப்பின்மீது உங்களுக்கு உறுதி இருந்தால், "மோர் இன்ஃபோ" என்பதை அழுத்தி "ரன் எனிவே" என்பதைத் தேர்ந்தால் போதும். மென்பொருள் நிறுவப்பட்டுவிட்டது, ஆனால் டாக்குமென்ட்ஸ் கோப்புறையில் எதையும் சேமிக்க முடியவில்லை என்றால், ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீம்பொருள்) பாதுகாப்பின் கீழ் உள்ள "கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்" என்ற வசதி யாராலோ இயக்கப்பட்டிருக்கலாம். அங்கே அந்த ஒரு செயலிக்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம். வீட்டில் இன்னொரு கணினியிலிருந்து பிரிண்டரை அடைய முடியவில்லை என்றால், வலையமைப்பு வழியாக வந்துபோவதைக் கட்டுப்படுத்தும் ஃபயர்வாலையும் பகிர்வு அமைப்புகளையும் பார்க்க வேண்டும். அது முற்றிலும் வேறு துறை.

டிஃபென்டர்தான் தடுத்தது என்றால் அதற்குச் சான்று இருக்கும். ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி "விண்டோஸ் செக்யூரிட்டி" என்று தட்டச்சு செய்து திறந்து, "வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன்", அதன்பின் "புரொடெக்ஷன் ஹிஸ்டரி" என்று செல்லுங்கள். தடுக்கப்பட்ட கோப்பின் பெயரும், அது இருந்த இடமும், எந்தத் தீம்பொருளாகக் கருதப்பட்டது என்பதும் அங்கே பதிவாகியிருக்கும். அந்தத் தீம்பொருள் பெயரின் இறுதியில் வியப்புக்குறியோடு "எம்எல்" என்ற இரண்டு எழுத்துகள் இருந்தால், முன்பே அறியப்பட்ட ஒரு வைரஸோடு பொருந்தியதால் அல்லாமல், இயந்திரக் கற்றல் முறையில் ஊகித்துப் பிடிக்கப்பட்டது என்று பொருள். ஊகம் தவறாக இருக்கவும் வாய்ப்புண்டு, சரியாக இருக்கவும் வாய்ப்புண்டு. அந்த இரண்டு எழுத்துகளைப் பார்த்ததுமே கோப்பு நல்லது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

(திரையில்: கோப்பின் மீது வலது சொடுக்கு, புராப்பர்ட்டீஸ் சாளரம் திறக்கிறது.)

இப்போது மிக முக்கியமான பகுதிக்கு வருகிறோம். அந்தக் கோப்பு நல்லதுதானா? ஆன்டிவைரஸ் "கூடாது" என்று சொல்லும்போது, "பரவாயில்லை" என்று சொல்லும் பொறுப்பை நீங்கள் ஏற்கிறீர்கள் என்பதால், அதற்கான ஆதாரமும் உங்கள் கையில் இருக்க வேண்டும். கோப்பின்மீது வலது சொடுக்குச் செய்து, புராப்பர்ட்டீஸில் "டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்" என்ற தாவல் இருக்கிறதா, அதில் தயாரிப்பாளரின் பெயர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். கையொப்பம் இல்லாத பழைய மென்பொருள் என்றால், பென் டிரைவில் யாரோ கொடுத்த பிரதியை விட்டுவிட்டு, தயாரிப்பாளரின் சொந்தத் தளத்தில் அது இன்னும் கிடைக்கிறதா என்று தேடி அங்கிருந்தே எடுங்கள். பல கணினிகளில் செருகப்பட்ட பென் டிரைவில் இருக்கும் நல்ல மென்பொருளின் பிரதியிலும் வைரஸ் தொற்றியிருக்கலாம். அப்போது டிஃபென்டரின் எச்சரிக்கை தவறானதே அல்ல.

இன்னொரு வழி வைரஸ்டோட்டல். ஸ்பெயினில் 2004-இல் தொடங்கப்பட்டு, 2012-இல் கூகுளால் வாங்கப்பட்ட இந்தச் சேவையில் ஒரு கோப்பை ஏற்றினால், பல பத்து ஆன்டிவைரஸ்கள் அதைப் பற்றி என்ன சொல்கின்றன என்பது ஒரே பக்கத்தில் தெரியும். ஒன்றோ இரண்டோ மட்டும் பொதுவான பெயரில் ஐயப்பட்டு, மற்றவை அனைத்தும் தூய்மையானது என்றால், அது தவறான எச்சரிக்கையாக இருக்க இடமுண்டு. முப்பது நாற்பது நிறுவனங்கள் ஒரே தீம்பொருள் குடும்பத்தின் பெயரைச் சொல்லிச் சிவப்புக் கொடி காட்டினால், பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டு கோப்பை அழித்துவிடுங்கள். ஒரு கவனம் வேண்டும்: அங்கே ஏற்றப்படும் கோப்புகள் பாதுகாப்பு நிறுவனங்களோடு பகிரப்படுகின்றன. நிறுவல் கோப்புகளை மட்டும் ஏற்றுங்கள். உங்கள் வங்கி அறிக்கையையோ குடும்ப ஆவணங்களையோ சோதனைக்காக அங்கே ஏற்றாதீர்கள்.

சில கோப்புகளுக்கு இந்தச் சோதனைகளே தேவையில்லை. அவற்றுக்காக ஆன்டிவைரஸை ஒருபோதும் அணைக்கக் கூடாது. விலைகொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளின் கிராக் பதிப்பு, விண்டோஸையும் ஆஃபீஸையும் இலவசமாக ஆக்டிவேட் செய்வதாகச் சொல்லும் கருவி, விளையாட்டுகளில் குறுக்குவழியில் வெல்ல உதவும் சீட் நிரல் ஆகிய மூன்றும் அந்த வகை. ஸ்டாப் அல்லது டிஜேவு என்று அழைக்கப்படும் ரான்சம்வேர் குடும்பம் வீட்டுக் கணினிகளைப் பெருமளவில் தாக்கியது பெரும்பாலும் கிராக் மென்பொருள்கள் வழியாகத்தான். குடும்பப் படங்கள் எல்லாம் குறியாக்கம் செய்யப்பட்டு, திறப்பதற்குப் பணம் கேட்கும் குறிப்பு மட்டும் எஞ்சியிருக்கும். ரெட்லைன் என்ற திருட்டு நிரல், விளையாட்டுகளுக்கான சீட் நிரல்களை இலவசமாகத் தருவதாகச் சொல்லும் யூடியூப் காணொளிகளின் கீழிருந்த இணைப்புகள் வழியாகப் பரப்பப்பட்டது. உலாவியில் சேமித்து வைத்த கடவுச்சொற்களை அள்ளிக்கொண்டு போவதே அதன் வேலை. இந்தக் காணொளிகளில் அடிக்கடி வரும் ஓர் அடையாளத்தைச் சொல்கிறேன். கோப்பு கடவுச்சொல்லிட்ட ஜிப் ஆக இருக்கும். அந்தக் கடவுச்சொல்லும் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கும். எல்லோருக்கும் தெரியும்படி எழுதிவைப்பதற்கு எதற்குக் கடவுச்சொல்? பூட்டிய ஜிப்புக்குள் ஆன்டிவைரஸால் எட்டிப் பார்க்க முடியாது என்பதுதான் காரணம். கூடவே "ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவவும்" என்ற வரியும் இருந்தால், இனி ஐயத்துக்கே இடமில்லை.

வீட்டில் பிள்ளைகள் கணினியைப் பயன்படுத்துகிறார்கள் என்றால், இந்தப் பகுதியை மட்டுமாவது அவர்களோடு சேர்ந்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அணைக்கச் சொல்லும் அறிவுரையை அவர்கள்தாம் அதிகம் எதிர்கொள்கிறார்கள்.

(திரையில்: விண்டோஸ் செக்யூரிட்டியில் எக்ஸ்க்ளூஷன்ஸ் பகுதி.)

நம் ஆசிரியரின் கோப்பு நல்லது என்று உறுதியாகிவிட்டது என்று கொள்வோம். அப்போதும் முழுக் காவலையும் நிறுத்த வேண்டியதில்லை. அந்த ஒரு கோப்பை மட்டும் உள்ளே விடலாம். "புரொடெக்ஷன் ஹிஸ்டரி"யில் அந்தப் பதிவைத் திறந்து, "ஆக்‌ஷன்ஸ்" என்பதன் கீழ் "ரீஸ்டோர்" அல்லது "அலோ" என்று தேர்ந்தால், தனிமைப்படுத்தப்பட்ட கோப்பு விடுவிக்கப்படும். நிறுவிய பிறகும் மென்பொருள் அடிக்கடி பிடிபட்டால், "வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன் செட்டிங்ஸ்" என்பதன் கீழ் "மேனேஜ் செட்டிங்ஸ்" சென்று, கடைசியில் உள்ள "எக்ஸ்க்ளூஷன்ஸ்" பகுதியில் அதன் கோப்புறையை விலக்குப் பட்டியலில் சேர்க்கலாம். இங்கே தாராளம் கூடாது. சி டிரைவ் முழுவதையும், டவுன்லோட்ஸ் கோப்புறையையும், இஎக்ஸ்இ என்ற கோப்பு வகையையும் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டால், ஆன்டிவைரஸ் இயங்கிக்கொண்டிருப்பது போலத் தோன்றுமே தவிர, வைரஸ் வழக்கமாக வரும் வழிகளில் அது கண்ணை மூடிக்கொண்டுதான் இருக்கும். தற்காலிகமாக அணைப்பதைவிட இது மோசமானது. ஏனெனில் அணைத்தது சற்று நேரத்தில் தானாகத் திரும்பிவிடும், விலக்குப் பட்டியலோ நீங்கள் நீக்கும்வரை அப்படியே இருக்கும்.

சில நிறுவல்கள் மட்டும் இதற்கும் இணங்குவதில்லை. நிறுவும்போது புதிது புதிதாகத் தற்காலிகக் கோப்புகளை எங்கெங்கோ உருவாக்கி, அவை ஒவ்வொன்றாகப் பிடிபட்டு, பாதியில் நின்றுவிடும். அணைப்பதற்கு நியாயமான காரணம் என்று நான் ஒப்புக்கொள்வது இந்த நிலையைத்தான்.

(திரையில்: ரியல்-டைம் புரொடெக்ஷன் பொத்தான், பெரிதாக்கப்பட்ட காட்சி.)

அணைப்பதற்கு முன் தேவையான எல்லாவற்றையும் கையருகே வைத்துக்கொள்ளுங்கள். நிறுவல் கோப்பு கணினியில் இருக்கட்டும். உலாவியையும் மின்னஞ்சலையும் மூடிவிடுங்கள். முன்பின் தெரியாத பென் டிரைவ்கள் எதுவும் செருகப்பட்டிருக்க வேண்டாம். நிறுவலுக்கு இணையம் தேவையில்லை என்றால் வைஃபையையும் துண்டித்துவிடுங்கள். நாம் எதையும் சொடுக்காமல் இருந்தால் எதுவும் உள்ளே வராது என்று சிலர் நினைக்கிறார்கள். 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னாக்ரை, எவரும் எதையும் சொடுக்காமலேயே, விண்டோஸின் கோப்புப் பகிர்வு வசதியில் இருந்த ஓட்டை வழியாகக் கணினிவிட்டுக் கணினி தாவி, 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் நுழைந்தது. அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதற்கு முந்தைய மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தும், நிறுவாத கணினிகள் அடிவாங்கின. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், கூடுதல் பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்தில் சேராத விண்டோஸ் 10 கணினி வைத்திருப்பவர்கள் இதை இன்னும் கூடுதல் கவனத்தோடு எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம்: இணையத்தைத் துண்டிப்பது வெளியிலிருந்து வருவதைத்தான் தடுக்கும், நீங்கள் நிறுவும் கோப்பே தீயதாக இருந்தால் அது உங்களைக் காக்காது.

இப்போது விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, "வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன்", "மேனேஜ் செட்டிங்ஸ்" என்று சென்று, முதலாவதாக இருக்கும் "ரியல்-டைம் புரொடெக்ஷன்" பொத்தானை "ஆஃப்" என்று மாற்றுங்கள். கணினியில் மாற்றம் செய்ய அனுமதிக்கலாமா என்று விண்டோஸ் கேட்கும். "யெஸ்" என்று சொல்லுங்கள். அவ்வளவுதான். அதே பக்கத்தில் "டேம்பர் புரொடெக்ஷன்" என்று ஒன்று இருக்கும். அதைத் தொட வேண்டாம். வேறு எந்த நிரலும் உங்கள் சார்பில் பாதுகாப்பை அணைத்துவிடாமல் காப்பதே அதன் வேலை. நீங்கள் உங்கள் கையால் அணைப்பதற்கு அது குறுக்கே நிற்பதில்லை. இதனால்தான், "இந்தச் சிறிய நிரலை ஓட்டினால் டிஃபென்டர் நிரந்தரமாக அணைந்துவிடும்" என்று தரப்படும் கருவிகள் முதலில் டேம்பர் புரொடெக்ஷனை அணைக்கச் சொல்கின்றன. அத்தகைய கருவிகளை நாடாதீர்கள்.

பொத்தானே மங்கலாகி, "இது உங்கள் நிர்வாகியால் நிர்வகிக்கப்படுகிறது" என்ற பொருளில் ஒரு வரி தெரிந்தால், அலுவலகம் கொடுத்த கணினியாக இருக்கலாம்; அப்படியானால் அலுவலகத் தொழில்நுட்பப் பிரிவைக் கேளுங்கள். உங்கள் சொந்தக் கணினியிலேயே அந்த வரி வந்தால், முன்பு நிறுவிய ஏதோ ஒன்று அமைப்புகளை மாற்றியிருக்கிறது என்று கருதி, நிறுவலை ஒத்திவைத்துவிட்டு முழுச் சோதனை செய்வதே சரி.

வேறு நிறுவனத்தின் ஆன்டிவைரஸ் வைத்திருப்பவர்களுக்கு வழி சற்றே மாறும். சென்னையில் உருவான கே7, புனேயின் குவிக் ஹீல், மற்றும் அவாஸ்ட், காஸ்பர்ஸ்கி போன்றவை இருக்கும்போது, வீட்டுக் கணினிகளில் டிஃபென்டர் பொதுவாக ஒதுங்கிக்கொள்ளும். கடிகாரத்துக்கு அருகில் இருக்கும் அந்த ஆன்டிவைரஸின் சின்னத்தில் வலது சொடுக்குச் செய்தால், தற்காலிகமாக நிறுத்தும் வழி பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும். எடுத்துக்காட்டாக, அவாஸ்ட் பத்து நிமிடம், ஒரு மணி நேரம், மறுதொடக்கம் வரை, நிரந்தரம் என்று கேட்கும். எப்போதும் மிகக் குறைந்த நேரத்தையே தேர்ந்தெடுங்கள். போதாவிட்டால் மறுபடி நிறுத்திக்கொள்ளலாம். அந்த நேரத்தில் டிஃபென்டர் உடனே வந்து காவலை ஏற்றுக்கொள்ளும் என்று நம்பியிருக்கக் கூடாது. முழுத் தொகுப்பாக வாங்கியவர்கள், ஃபயர்வாலும் சேர்ந்து அணையாதபடி கோப்புக் காவலை மட்டும் நிறுத்துவதற்கு வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

நிறுவுங்கள். முடிந்ததும் அதே பொத்தானை "ஆன்" ஆக்குங்கள். சிறிது நேரத்தில் டிஃபென்டர் தானாகவே திரும்பிவிடும் என்று அந்தப் பக்கத்திலேயே எழுதியிருக்கும், அது உண்மைதான். ஆயினும் அதற்காகக் காத்திராமல் உங்கள் கையாலேயே இயக்குங்கள்.

(திரையில்: கேடயச் சின்னத்தின் சிவப்புக் குறி மறைந்து, பச்சைக் குறி தோன்றுகிறது.)

காவல் இல்லாத நேரத்தில் வந்த கோப்புகளை எவரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்பதால், இயக்கியவுடன் ஒரு "குவிக் ஸ்கேன்" ஓட்டுங்கள். நிறுவிய மென்பொருளின் கோப்புறையில் வலது சொடுக்குச் செய்து தனியாகவும் சோதியுங்கள். மனத்தில் சிறு உறுத்தல் இருந்தாலும், "மைக்ரோசாஃப்ட் டிஃபென்டர் ஆஃப்லைன் ஸ்கேன்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். கணினி மறுதொடக்கமாகி, விண்டோஸ் முழுமையாக எழுவதற்கு முன்பே சோதிப்பதால், ஒளிந்துகொள்ளத் தெரிந்த தீம்பொருளுக்கு அங்கே வசதி குறைவு. சுமார் 15 நிமிடங்கள் ஆகும்.

காவல் உண்மையிலேயே திரும்பிவிட்டதா என்று பார்க்க ஐகார் சோதனைக் கோப்பு என்று ஒன்று இருக்கிறது. வெறும் 68 எழுத்துகள் கொண்ட, எந்தத் தீங்கும் செய்யாத இந்தக் கோப்பை வைரஸ் போலவே பிடித்துக் காட்டுவது என்று ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் ஒத்துக்கொண்டிருக்கின்றன. ஐகார் அமைப்பின் தளத்திலிருந்து அதைத் தரவிறக்க முயன்றால், உங்கள் ஆன்டிவைரஸ் உடனே குரல் கொடுக்க வேண்டும். குரல் கொடுத்தால் நல்லது. கொடுக்காவிட்டால் கணினியை மறுதொடக்கம் செய்து, மறுபடி சோதியுங்கள்.

ஒரு செய்தியை இங்கே சொல்லியாக வேண்டும். மைக்ரோசாஃப்டிலிருந்தோ வங்கியிலிருந்தோ பேசுவதாகச் சொல்லி உங்களை அழைத்து, எனிடெஸ்க் போன்ற தொலைநிலைச் செயலியை நிறுவச் சொல்லி, ஆன்டிவைரஸையும் அணைக்கச் சொல்பவர், எவ்வளவு பணிவாகப் பேசினாலும், ஏமாற்றுக்காரர்தான். நீங்கள் உதவி கேட்காமல் மைக்ரோசாஃப்ட் உங்களை அழைப்பதில்லை. ஏற்கெனவே அவர் சொன்னபடி செய்துவிட்டீர்கள் என்றால், வெட்கப்பட்டுக்கொண்டு நேரத்தைக் கடத்தாதீர்கள். இணையத்தைத் துண்டித்துவிட்டு, வேறொரு கருவியிலிருந்து வங்கிக்குத் தெரிவித்து, கடவுச்சொற்களை மாற்றி, இந்தியாவில் இருப்பவர்கள் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

மீண்டும் நம் ஆசிரியரிடம் வருவோம். விண்டோஸ் 11-இலேயே தமிழ் 99 விசைப்பலகை இருக்கிறது. புதிதாக எழுதுவதற்கு அவர் எதையும் நிறுவ வேண்டியதில்லை. பழைய பாமினிக் கோப்புகளைத் திறந்து திருத்தும் வரைக்கும்தான் அந்த மென்பொருள் தேவை. அந்த வேலை முடிந்து மென்பொருளை அகற்றும் நாளில், எக்ஸ்க்ளூஷன்ஸ் பகுதிக்கு ஒருமுறை சென்று, அதற்காகச் சேர்த்த கோப்புறையின் பெயர் அங்கே இன்னும் இருந்தால், அதைச் சொடுக்கி "ரிமூவ்" என்று கொடுத்துவிடுங்கள்.